நாலடிக்கு ஆறடி

பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது.
பஸ்ஸில் ஏறுகிறவர்கள்
இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் கேட்கிறார்கள்.
செம்பனை லோரிகள் திரும்பும் முனையில்
பழைய புகைக்கூடம்.
ரப்பர் தகடு காய்ந்த சுவரில்
மழை பெய்தால் புளித்த வாடை.
அங்கே எட்டுக் கூண்டு.
இன்னும் பன்னிரண்டு வேண்டும் என்று கூப்பிட்டார்கள்.
நான் வெல்டிங் வேலைக்காரன்.
அளவு நாடாவோடு போனேன்.

நாலடிக்கு ஆறடி.
படுத்துப் புரள, எழுந்து உதற,
கம்பியில் அடிபடாமல் வாலாட்ட.
சசிரேகா தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு
தானே உள்ளே குந்திக் காட்டினார்.
"இதுக்கும் கீழே குறைக்காதீங்க அண்ணே."
பகலில் அரசு கிளினிக்கில் மருந்து கொடுப்பவர்.
ஐந்து மணிக்கு மேல் இது.
பெயிண்ட் வேண்டாம் என்றார்.
"அது நாற்பது வெள்ளி. ஒரு குட்டிக்கு ஊசி."
தாழ்ப்பாள் மட்டும் நல்லதாக வேண்டும்,
மூக்கால் தூக்கித் திறக்கக்
கற்றுவைத்திருப்பவை உண்டு.

செவ்வாய் இரவு ரோஸ்லி போன் செய்வார்,
கழகத்துப் பட்டியின் காவலாளி.
கையுறை இல்லாமல் நாயைத் தொடமாட்டார்.
ஆனால் எண்ணிச் சொல்பவர் அவர்தான்.
இந்த வாரம் ஒன்பது. இந்த வாரம் பதினாறு.
வியாழன் காலை வரை தவணை.
காலிக் கூண்டு எத்தனையோ அத்தனையைத்தான்
சசிரேகா கேட்க முடியும்.
குட்டி போட்டது முதலில்.
சொறி பிடித்தது பின்னால்.
வயதானது என்றால்,
அங்கே நிறுத்திக்கொண்டார்.
"நின்னுக்கிட்டே தேர்ந்தெடுத்திடுவேன் அண்ணே.
அப்புறம் காரில் உட்கார்ந்தா
சாவி துவாரத்துக்குள்ள போகாது."

ஒரு மத்தியானம் மழை. கரண்ட் இல்லை.
ஆணியில் தொங்கிய நோட்டைப் புரட்டினேன்.
தேதி, நிறம், காது, பிடித்த இடம்.
கடைசிக் கட்டத்தில் ஒரு சரி,
இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

மார்ச் பதினொன்று.
பழுப்பு. ஆண். இடது காது கிழிசல்.
அடுக்குமாடி, பி பிளாக், குப்பைத்தொட்டி அருகில்.
புகாரின் பேரில்.
கட்டம் வெறுமை.

லயம் இடிபட்டபோது ஆட்கள் மாடிக்குப் போனார்கள்.
நாய்க்கு மாடியில் அனுமதி இல்லை.
அவை கீழே நின்று,
எந்த ஜன்னல் என்று தெரியாமல்
எல்லா ஜன்னலையும் பார்த்தன.
பழுப்பு என் மகளைக் கடித்ததாகச் சொன்னேன்.
பல் படவில்லை. பள்ளிப் பாவாடைதான் கிழிந்தது.
கழகத்துக்கு மூன்று முறை போன் போட்டது
நான்தான்.

நோட்டை ஆணியில் மாட்டினேன்.
கரண்ட் வந்தது.
முகமூடியை இறக்கிக்கொண்டேன்.
அதற்குள்ளே இருக்கும் முகம் யாருக்கும் தெரியாது.

புதன் இரவு பன்னிரண்டும் முடிந்தன.
பதின்மூன்றாவது பில்லில் இல்லை.
மூன்றரைக்கு ஐந்தரை,
ஒரு மூலை கோணல், கதவு உரசும்.
"இது என்ன?"
மிச்சக் கம்பி என்றேன்.
மிச்சமே இல்லை. காலையில்
தியோ கடையில் கடனுக்கு எடுத்தது.
கோணல் மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"குட்டிகளுக்கு ஆகும்" என்று
சுண்ணாம்பில் 21 எழுதிவிட்டுப் போனார்.

இந்த வாரம் தேர்வு இல்லை.
பட்டியில் இருப்பதையெல்லாம்
ஏற்றிவரச் சொல்லியிருந்தார்.
முதல் தடவை.
வேன் பின்பக்கமாக வந்து நின்றது.
ரோஸ்லி விரல்விட்டு எண்ணினார்.
பதினான்கு.

பதின்மூன்று உள்ளே போயின.
தாழ்ப்பாள்கள் சுத்தமாக விழுந்தன.
மீதி நின்றது ஒரு கறுப்புக் கிழடு,
ஒரு கண்ணில் பால் படிந்தது.
சசிரேகா பேசவில்லை. கையில் கார் சாவி.

"கடிக்குமா?"
"தெரியலையே அண்ணே."

கயிற்றை வாங்கிக்கொண்டேன்.
பி பிளாக், மூன்றாம் மாடி.
படி ஏற அதற்கு முட்டி வளையவில்லை.
தூக்கிக்கொண்டு ஏறினேன்.
ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு
கொஞ்சமாகத் திறந்து மூடியது.
எந்த வீட்டில்
போனை எடுக்கிறார்களோ.